எட்டு வயசு மூத்த மகன்

வாம்மா, வா. செருப்பை உள்ளேயே விடு, வாசல்ல விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும். நீ யாருன்னு சொல்லவே வேண்டாம், மூக்கைப் பாத்தாலே தெரியுது. தாண்டவராயன் மூக்கு. ஆம்பளைக்கு அது எடுப்பா இருந்துது, உனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கோவிச்சுக்காதே, என் வாய் அப்படித்தான்.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படிக் கட்டில்லயே உக்காரு. சரளாதானே பேரு? உனக்குப் பேர் வச்ச அன்னிக்கு உங்கப்பன் கார் அனுப்பினான், நான் ஏறலை. உன் கல்யாணத்துக்கு அவனே வந்து வாசல்ல நின்னான், தலைவலின்னு சொல்லி அனுப்பிட்டேன். இப்ப என்ன, எண்பதாங் கல்யாணமா? பலே. குங்குமத்தை அந்தண்ட வை, என்கிட்ட நீட்டாதே, எனக்கு எதுக்கு அது. பழம் இருக்கட்டும். மல்லிப்பூ நாலு முழம் இருக்கும் போலிருக்கே. அது படத்துக்கு ஆகும். தினம் சாயங்காலம் அவருக்கு ஒரு சரம் போடறது வழக்கம். இன்னிக்குன்னு பாத்துப் பூக்காரி வரலை, நீ கொண்டாந்துட்டே. அவருக்கு அந்த யோகம் எப்பவும் உண்டு.

அதோ பாரு, அவர்தான். ஹார்மோனியத்துமேல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, எங்க வீட்டுக்காரர். பேரை நான் சொல்லமாட்டேன். இந்த வயசுல என்னன்னு கேப்பே, வழக்கமில்லை, விடு. படத்துக்குக் கீழே எழுதியிருக்கு, படிச்சுக்கோ. அவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் இந்த வீட்டுல அவரைக் கேக்காம நான் ஒரு டம்ளரை நகத்தறதில்லை.

சரி, விஷயத்துக்கு வா. நான் மேடைக்கு வரணும். என்னை உக்கார வச்சு உங்கப்பன் என் கால்ல விழணும். 'இவங்கதான் என் தாய்'னு மைக்குல சொல்லணும். பத்திரிகைக்காரன் படம் பிடிக்கணும். அதானே? ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. அவனுக்கு இப்ப எண்பது. எனக்கு எழுபத்திரண்டு. எட்டு வயசு மூத்தவனை நான் எப்படிப் பெத்தேன்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா?

அவன் அவன்னு சொல்றேன்னு பாக்கறியா? அம்மான்னு கூப்பிட்டவனை அவன்னுதானே சொல்லணும். அது அவனா தேடிக்கிட்டது.

நான் வரலை. ஏன் வரலைன்னும் சொல்லிடறேன், போய் உங்கப்பன்கிட்ட ஒரு வார்த்தை விடாம சொல்லு. இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரர் 'கேக்காதே சொர்ணம், நமக்கு எதுக்கு வம்பு'ன்னு சொன்ன ஒரே காரணத்துக்காக.

நாடகக் கம்பெனியில உங்கப்பன் ராஜபார்ட், நான் ஸ்திரீபார்ட். அப்பல்லாம் பொம்பளை வேஷத்தை ஆம்பளைங்களே கட்டிக்கிட்டிருந்தாங்க. அதை மாத்தி என்னைக் கொண்டாந்து நிறுத்தினப்ப ஊரே திரண்டு வந்துது. நாங்க ரெண்டு பேரும் சேந்து பாட ஆரம்பிச்சா, கொட்டகையில சோடா விக்கறவன்கூட விக்கறதை நிறுத்திட்டு நின்னுடுவான். ஜனங்க நாங்க நெஜமாவே புருஷன் பெண்டாட்டின்னு நினைச்சுக்கிட்டிருந்துது. மன்னார்குடியில ஒரு அம்மா எங்க ரெண்டு பேருக்கும் சேத்துத் தாம்பூலம் கொடுத்துட்டு, கீழே ஹார்மோனியத்துக்கு உறை போட்டுக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரரைப் பாத்து, 'வண்டிக்காரரே, தம்பதியைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க'ன்னுது. நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே. அவரும் சிரிச்சார். கொஞ்சம் லேட்டாச் சிரிச்சார். அவர் எப்பவுமே நிதானம்.

அப்பத்தான் பேசும் படம் வந்துது. எங்க நாடகத்தையே படமா எடுக்கணும்னு ஒரு முதலாளி வந்து, நாடகத்துல யார் யார் நடிச்சாங்களோ அவங்களே படத்துலயும்னு பேசிட்டுப் போனார். உங்கப்பன் கதாநாயகன், நான் கதாநாயகி. இங்கே அப்ப ஸ்டுடியோ ஏது? கல்கத்தாவுக்குத்தான் போகணும். சமையல்காரன், பாத்திரம், அரிசி, புளின்னு கல்யாண வீடு கிளம்பற மாதிரி ரயிலேறினோம். அங்கே ஒரு பழைய பங்களாவுல எல்லாரையும் இறக்கிவிட்டாங்க. டைரக்டர் வங்காளி. மொய்த்ரா பாபுன்னு பேரு. நல்ல மனுஷன், ஆனா தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. எங்களுக்கு அவர் பேச்சு புரியாது.

புரிஞ்ச ஒரே ஆள் எங்க வீட்டுக்காரர்தான். சின்ன வயசுல பார்சி நாடகக்காரங்களோட ஊர் ஊராச் சுத்தினவர், இந்துஸ்தானி அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அதனால மொய்த்ரா பாபு சொல்றது எல்லாம் அவர் வாய் வழியாத்தான் எங்களுக்கு வரும். நாங்க சொல்றது எல்லாம் அவர் வாய் வழியாத்தான் போகும். அவர் இல்லாட்டி அந்தப் படமே கிடையாது. அந்த மரியாதையை எவன் கொடுத்தான் அவருக்கு? விளம்பரத்துல கடைசியில, சமையல்காரன் பேருக்கு மேல போட்டானுங்க.

படத்துல ஒரு இடம். ஆத்துல வெள்ளம் வருது. கதாநாயகியை ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு நாயகன் கரையேறணும். மொய்த்ரா பாபு அதை ஒரு தலைகாணியைத் தூக்கிக்கிட்டுச் செஞ்சே காட்டினார். நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். எனக்கு வெக்கமாத்தான் இருந்துது. ஆனா சொல்றதுக்கு என்ன, சந்தோஷமாவும் இருந்துது. உங்கப்பன்மேல ஆசைன்னு நினைச்சுக்காதே. அதெல்லாம் கிடையாது, சத்தியம். காமிரா பக்கத்துல வரும், உன் முகம் திரை பூராத் தெரியும்னு சொன்னாங்க. நாடகத்துல பின்னால உக்காந்திருக்கறவனுக்கு நான் ஒரு புடவை, ஒரு குரல், அவ்வளவுதான். என் கண்ணு எப்படி இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? அது தெரியப்போகுதுன்னு ஒரு சந்தோஷம். அந்த ஒண்ணுக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் ரயிலேறினேன்.

முதல்ல டெஸ்ட் எடுத்தாங்க. நாலு வரி பாடச் சொன்னாங்க, திரும்பச் சொன்னாங்க, சிரிக்கச் சொன்னாங்க. மறுநாள் அதை இருட்டு ரூம்ல போட்டுப் பாத்தாங்க. பொம்பளைங்க நாங்க அங்கே போறதில்லை, ஆம்பளைங்கதான் போனாங்க. உங்கப்பன் போனான், எங்க வீட்டுக்காரர் போனார். நான் பங்களாவுல தலைக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்.

இதைக் கேளு, அவருடைய முன்யோசனையை. அன்னிக்குக் காலையில, அவங்க டெஸ்ட் பாக்கக் கிளம்பறதுக்கு முந்தி, சீப்பு தேடி அவர் பெட்டியைத் தொறந்தேன். உள்ளே நரைச்ச டோப்பா ஒண்ணு இருந்துது. பொம்பளை டோப்பா, கொண்டை போட்டது, நம்ம கம்பெனிச் சாமான். 'எதுக்குங்க இது?'ன்னேன். 'எதுக்கும் இருக்கட்டும்'னார். சாயங்காலம் திரும்பி வந்தவர் முகம் செத்துப் போயிருந்துது. பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சொர்ணம், உன் முகம் காமிராவுல எடுபடலையாம். கன்னம் ஒட்டி வயசாத் தெரியுதாம். அம்மா வேஷம்னா கொடுக்கறேன்னு மொய்த்ரா பாபு சொல்றார்'னார். எனக்குப் பூமி நழுவிப்போச்சு. அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. நான் அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே இருந்தார். அப்பறம் அந்த டோப்பாவை எடுத்து, தானே வாரி, தானே என் தலையில வச்சுப் பாத்தார். வேற எந்தப் புருஷன் இப்படிப் பாத்துப் பாத்துச் செய்வான், சொல்லு.

அன்னிக்கே மெதுவா இன்னொண்ணும் சொன்னார். 'வெளியில மூச்சு விடாதே. மொய்த்ரா பாபுவா இதைச் சொல்லலை, தாண்டவராயன்தான் பின்னால நின்னு சொல்லியிருக்கான். அவனுக்கு ஜோடியா அந்த லோகாம்பாள் வேணுமாம். நேர்ல போய்க் கேட்டுடாதே, படம் பூரா அவன் கையில இருக்கு'ன்னார். ரெண்டு வாரத்துல லோகாம்பாள் மெட்ராஸ் ரயில்ல வந்து இறங்கினாள். குரல் கொட்டாங்கச்சி உரசற மாதிரி இருக்கும் அவளுக்கு. ஆனா சிவப்பு.

நம்பினேனேம்மா உங்கப்பனை. கூடப் பாடினவன். எனக்குத் தொண்டை கட்டினா என் வரியையும் சேத்து எடுத்துப் பாடி மறைச்சவன். அவன் எனக்குக் குழி பறிப்பான்னு சொப்பனத்துலகூட நினைக்கலை.

முதல் நாள் ஷூட்டிங். ராஜமாதா வேஷம், நரைச்ச டோப்பா, கன்னத்துல பசையைத் தடவிச் சுருக்கம் போட்டிருந்தாங்க. சிங்காதனத்துல உக்காந்திருந்தேன். உங்கப்பன் வந்தான். நேரா வந்தான். அத்தனை பேருக்கும் முன்னால சாஷ்டாங்கமா என் கால்ல விழுந்து, 'அம்மா, ஆசீர்வாதம் பண்ணுங்க'ன்னான். வசனம் இல்லை அது, காமிராவே ஓடலை. செட்டுல எல்லாரும் கைதட்டினாங்க. எழுந்திருச்சப்ப அவன் கண்ணு கலங்கியிருந்துது. நடிகன்தானே. என் காலைத் தொட்டே என் காலை ஒடிச்சுட்டான். ஒருத்தன் உன்னை அத்தனை பேர் நடுவுல அம்மான்னு கும்பிட்டப்பறம், அவனுக்கு ஜோடியா உன்னை எவன் போடுவான்?

மொய்த்ரா பாபு என்கிட்ட வந்தார். நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு, என் முகத்தையே பாத்துக்கிட்டு, ரொம்ப நேரம் என்னமோ பேசினார். நான் எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். 'நல்லா இருக்காம்'னார். அவ்வளவுதான். அந்த வங்காளி அத்தனை நீளமாப் பேசினதை ரெண்டே வார்த்தையில சொல்லிடுவார், அப்படி ஒரு சாமர்த்தியம்.

அப்பறம் என்ன. அம்மாதான். குருட்டு அம்மா, பைத்தியக்கார அம்மா, மகன்மேல பாயற கத்தியைத் தான் வாங்கிக்கிற அம்மா. இடைவேளைக்கு முந்தியே செத்துப் போற அம்மாவா நான் எத்தனை தரம் செத்திருக்கேன்னு எனக்கே தெரியாது. என்னைவிட மூத்தவனுங்களுக்குத் தாலாட்டுப் பாடியிருக்கேன். ஒருத்தனுக்குத் தொப்பை, தொட்டிலாட்டற மாதிரி அவன் தலையை மடியில வச்சுக்கணும், கால் மரத்துப் போயிடும். எனக்கு நெஜமா முடி நரைக்கறதுக்கு முந்தியே ஜனங்க என்னை ரோட்டுல பாத்துட்டு, 'அட, சின்ன வயசா இருக்காங்களே'ன்னு சொல்லுவாங்க. உங்கப்பன் ஒவ்வொரு படத்துக்கும் பூஜை போடறப்ப என்னைத் தேடி வந்து விழுவான். எல்லாரும் ஆஹான்னுவாங்க. அதே பத்து விரலும் என் கால்ல படும், எனக்கு உடம்பு எரியும்.

நடுவுல ரெண்டு மூணு கம்பெனிக்காரங்க இள வயசு வேஷத்துக்குக் கேட்டு வந்தாங்களாம். எங்க வீட்டுக்காரர் வாசல்லயே பேசி அனுப்பிட்டார். 'கேலி பண்ண வந்திருக்கானுங்க சொர்ணம், நீ அவமானப்படக் கூடாது'ன்னுவார். அவ்வளவு பொத்திப் பொத்தி வச்சிருந்தார் என்னை. ஒரு ஆம்பளை என் கையைப் பிடிக்கற மாதிரி ஒரு சீன் நான் நடிச்சதில்லை, தெரியுமா? மகனுங்க காலைத்தான் பிடிச்சானுங்க.

சினிமாவுல அத்தனை பேரைப் பெத்தேன். என் வயித்துல ஒண்ணும் தங்கலை. அந்தக் குறை எனக்கு இருந்துதோ இல்லையோ, அவருக்கு ரொம்ப இருந்திருக்கு. ஆஸ்பத்திரியில கடைசி நாள், பேச்சு குழறிப் போச்சு, அப்பவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு 'மன்னிச்சுடு சொர்ணம், மன்னிச்சுடு, உன்னை நான்...'னு ஆரம்பிச்சார். முடிக்கலை. 'குழந்தை இல்லாட்டி என்னங்க, நீங்கதான் எனக்குக் குழந்தை'ன்னேன். அதைக் கேட்டு ஓன்னு அழுதார் மனுஷன். அப்படி ஒரு மனசு.

ஆச்சு, இதான் கதை. உங்கப்பன்கிட்டப் போய்ச் சொல்லு. சொர்ணவல்லி வரமாட்டாள். ஒரு தரம் கால்ல விழுந்து குழி பறிச்சது போதும்.

ஏன் அப்படிப் பாக்கறே? அப்பாவைச் சொன்னா கஷ்டமாத்தான் இருக்கும். சொல்லு, என்ன சொல்ல வந்தே. மென்னு முழுங்காதே.

என்ன?

நானா? ஜோடியா நடிக்க மாட்டேன்னு நானா சொன்னேன்?

இரு. இரு. மெதுவாச் சொல்லு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும், நீ நிதானமாச் சொல்லு. உங்கப்பா முகச்சவரம் பண்ணிக்கிட்டிருந்தார், கல்கத்தா பங்களாவுல, வராந்தாவுல. சரி. யார் வந்து சொன்னா? நான் சொப்பனம் கண்டேன்னு சொன்னாங்களா? உங்கப்பாவை என் பிள்ளையா சொப்பனத்துல கண்டேன், இனிமே ஜோடியா நிக்க மாட்டேன், அம்மா வேஷம் கொடுத்தா இருக்கேன், இல்லாட்டி ரயிலேறிப் போயிடுவேன்னு. நான் சொல்லி அனுப்பினேனா? அவளை நேர்ல கேட்டுடாதே, கூச்சப்படுவாள், முதல் நாள் எல்லார் முன்னாலயும் கால்ல விழுந்து ஆசி வாங்கிக்கோ, அவள் மனசு குளிரும்னு சொன்னாங்களா.

அதை நம்பி விழுந்தாரா?

டெஸ்ட்? டெஸ்ட்டைப் பாத்துட்டு மொய்த்ரா பாபு எழுந்து நின்னு கைதட்டினாரா? இந்தக் கண்ணை நான் எங்கேயும் பாத்ததில்லைன்னு சொன்னாராமா. அது எப்படி உங்கப்பாவுக்குத் தெரியும், அவருக்கு அந்த பாஷை... ஓ, அங்கே லைட்டு போடற ஆள் ஒருத்தன் தெலுங்குக்காரன். அவன் சொன்னானா. முதல் நாள் செட்டுல அந்த வங்காளி நெஞ்சுல கையை வச்சுக்கிட்டுக் கெஞ்சினது, போகாதே, கதாநாயகியாவே இருன்னு கெஞ்சினதா. உங்கப்பா பாத்தாரா அதை? பாத்துட்டு, நான் பதிலே சொல்லாம உக்காந்திருந்தேன், அத்தனை வைராக்கியம்னு நினைச்சுக்கிட்டாரா.

இத்தனை வருஷமா ஏன் வேண்டாம்னேன்னு கேக்கணும்னு அவருக்கு ஏக்கமாம். எண்பதாவது வயசுலயாவது கேட்டுடணும்னுதான் உன்னை அனுப்பினாராம்.

அவருக்கு வயசாயிடுச்சும்மா. ஞாபகம் முன்னே பின்னே ஆயிருக்கும். எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு எறும்பைக்கூட... அவர் ஏன் அப்படிச் செய்யணும்? என்னைத் தங்கமா வச்சிருந்தாரே. காலையில காப்பி அவர்தான் போட்டுக் கொடுப்பார், தெரியுமா உனக்கு? பேரு என்ன சொன்னார் உங்கப்பா, சரியாச் சொன்னாரா? வேற யாராவதா இருக்கும். கம்பெனியில கண்டவனும் இருந்தான்.

ஹார்மோனியம் அம்பலவாணன்தானா.

கொஞ்சம் இரு. தண்ணி வேணாம். எதுவும் வேணாம். சும்மா இரு.

டோப்பாவைக் காலையில பாத்தேன். நான் சீப்பு தேடினப்பப் பாத்தேன். அவங்க டெஸ்ட்டே பாக்கலை இன்னும். என் முகம் எடுபடுதா இல்லையான்னு எவனுக்கும் தெரியாது அப்ப. நரைச்ச முடி பெட்டியில ரெடியா இருந்துது. மெட்ராஸ்லயே எடுத்து வச்சிருக்கான். நான் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கேன் சரளா. பேட்டி எடுக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், எங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு முன்யோசனைன்னு. உன்கிட்ட இப்பச் சொன்னேனே.

மன்னிச்சுடுன்னான். நான் குழந்தைக்குன்னு நினைச்சேன். நீங்கதான் என் குழந்தைன்னு சொல்லி வேற தொலைச்சேன். சொல்லிட்டாவது செத்திருக்கலாம். என் கண்ணை ஒருத்தன் பாத்துட்டுக் கைதட்டினான்னு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டுச் செத்திருக்கலாம் அம்பலவாணன். நான் மன்னிச்சிருப்பேன். மன்னிச்சிருப்பேனா என்னமோ. எனக்குத் தெரிஞ்சிருக்குமே, அது போதுமே எனக்கு.

அழலைம்மா. நான் அழுதா கிளிசரின் வேணும்.

வர்றேன்னு சொல்லு உங்கப்பாகிட்ட. கார் அனுப்பச் சொல்லு, ஏறறேன். ஆனா அவர் என் கால்ல விழக்கூடாது. மைக்குல தாய் கீய்னு பேசக்கூடாது. பக்கத்துல ஒரு நாற்காலி போடச் சொல்லு, அவர் நாற்காலி உயரத்துக்கே. பழைய பாட்டு ஏதாவது ஞாபகம் இருந்தா அவர் ஒரு வரி எடுக்கட்டும், அடுத்த வரி நான் எடுக்கறேன். தொண்டை கட்டியிருந்தா அவர் சேத்துப் பாடிக்கட்டும். உங்கம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்களே? நினைச்சுக்கிட்டா நினைச்சுக்கட்டும்.

இருட்டப் போகுது, நீ கிளம்பு. இரு, போறதுக்கு முந்தி அந்தப் பூவை எடு. வேணாம், படத்துக்கு வேணாம், நாற்காலிமேல ஏறாதே. இன்னிக்கு அவன் பூ இல்லாமலே இருக்கட்டும். இங்கே கொண்டா, என் பின்னால வந்து நில்லு. என்ன தயங்கறே, பாக்கறவங்க என்ன சொல்வாங்கன்னா? நான் பாத்துக்கறேன். ஊசி அந்த டப்பாவுல இருக்கும் பாரு. வை. நல்லா அழுத்திச் சொருகு, பயப்படாதே, கையோட வந்துடாது. டோப்பா இல்லை, என் சொந்த முடிதான்.